ஈப்போவில் நனையாத கை

வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் பெட்டி நிறையத் தைலமும் சாக்லெட்டும் கொண்டு வருவார்கள். நான் என் வலது கையைக் கொண்டு வந்தேன். போகும்போது காய்ந்திருந்த கை, வரும்போது நனைந்திருந்தது. திருச்சி விமான நிலையத்தில் எல்லோருடைய பைகளையும் ஸ்கேனர் விழுங்கித் துப்பிக்கொண்டிருக்க, அந்தக் கையை வீசிக்கொண்டு, போர்க்களத்திலிருந்து திரும்புகிறவன்போல நான் வெளியே நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்கவோ எடுக்கவோ பேச்சு நடக்கிற வீட்டில், பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைப்பதில்லை. கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. ஒரு வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் அந்த வீட்டுக்குச் சரி சொல்லியாயிற்று என்று பொருள். தண்ணீர் குடிக்கலாம். காபி விஷயத்தில் ஊருக்கு ஊர் தீர்ப்பு மாறும். உப்புப் போட்டது எதையும் தொடக் கூடாது.

என்னை மலேசியாவுக்கு அனுப்பியவள் என் அக்கா. அவளுடைய மகள் யாழினி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். அதே அலுவலகத்தில் இருக்கும் தினேஷை அவளுக்குப் பிடித்துவிட்டது. தினேஷ் மலேசியத் தமிழன், ஊர் ஈப்போ. அப்பா இல்லை. அம்மா பெயர் பாக்கியம். அந்த அம்மாள் ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைச் சேவிக்க வந்தபோது, திருவெறும்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் ஒரு மாலை வந்து போனார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அக்கா அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே அடுப்படியில் நின்றாள். உளுந்து வடை, கேசரி, பஜ்ஜி. வந்தவர் தட்டைப் பார்த்தார், தொடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கி அண்ணாந்து கடகடவென்று குடித்தார். “வரேங்க” என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். வடை ஆறி, விறைத்து, மறுநாள் தயிர்வடையாயிற்று.

“அந்த வடையை என்ன பார்வை பார்த்தா, கவனிச்சியா?” என்றாள் அக்கா என்னிடம். “வெளிநாட்டுக்காரி. நம்ம தண்ணி, நம்ம எண்ணெய், எதுவும் வயித்துக்கு ஆகாதுன்னு பயம். இப்பவே இப்படின்னா, நாளைக்கு என் பொண்ணு சமைச்சுப் போட்டா தின்பாளா?”

“உன் பொண்ணுக்குச் சமைக்கவே தெரியாதேக்கா.”

“அது வேற.”

யாழினி லீவில் வந்திருந்தாள். சண்டை போடவில்லை, அழவில்லை. ஒரே பேச்சுதான்: “அம்மா சரின்னா பண்ணிக்கிறேன். இல்லைன்னா வேற யாரையும் பண்ணிக்க மாட்டேன். அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டாள். அந்த அமைதிதான் அக்காவைத் தூங்கவிடாமல் செய்தது. தாய்மாமன் ஒருவன் ஸ்ரீரங்கத்தில் சும்மா இருக்கிறானே, போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று.

“வீட்டைப் பாரு. பேச்சைப் பாரு. அக்கம்பக்கத்துல விசாரி. ஆனா கை நனைச்சுடாத. நனைச்சுட்டு வந்தேன்னு வெச்சுக்க, என் வாசப்படி ஏறாத.”

கிளம்புகிற அன்று யாழினிதான் என்னை ஏர்போர்ட்டில் விட வந்தாள்.

“கவலைப்படாத. அந்தப் பையனைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டு வரேன்” என்றேன்.

“அந்தப் பையன் இல்ல மாமா. பேரு தினேஷ்.”

“உங்கம்மா வாயால மாப்பிள்ளைன்னு சொல்ற வரைக்கும் அந்தப் பையன்தாம்மா.”

அவள் சிரிக்கவில்லை. பையை என் தோளில் மாட்டிவிட்டு, “போயிட்டு வாங்க மாமா” என்றாள். அந்தப் பையைவிட அந்தச் சொல் கனமாக இருந்தது.

*

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரயில். அப்படியொரு ரயிலை நான் கண்டதில்லை. கதவு மூடியதும் உலகத்தின் காது அடைத்துக்கொண்டது. டீ விற்பவர் இல்லை, சுண்டல் இல்லை, என் சீட்டில் உட்கார்ந்துகொண்டு உன் சீட்டைத் தேடு என்று சொல்பவர் இல்லை. நம் ரயிலில் தூங்குகிறவனைச் சத்தம் காவல் காக்கிறது. விருத்தாசலம் வந்தால் ஒரு குரல், அரியலூர் வந்தால் இன்னொரு குரல். இங்கே யாரும் எழுப்பாத நிம்மதியில் நான் எண்ணெய்ப் பனைகளினூடே ஆழ்ந்து தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது கீழே ஓர் ஆறு. அகலமாக, கலங்கலாக, அவசரமில்லாமல். இரும்புப் பாலத்தில் ரயில் போய்க்கொண்டிருந்தது. கொள்ளிடம் தாண்டியாச்சு, ஸ்ரீரங்கம் வந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றேன். இத்தனை வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே காலை நடத்திவிடுகிறது. ரயில் நின்றது. இறங்கினேன். ரயில் போய்விட்டது. பலகையில் கோலகங்சார் என்று இருந்தது. ஈப்போ எப்போதோ பின்னால் போயிருந்தது.

வெளியே ஒரு மலாய் டாக்ஸிக்காரர். அவர் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி, “சாப்பிட்டாச்சா?” எங்கே போக வேண்டும் என்பது இரண்டாவது கேள்விதான். அந்த நாட்டில் வணக்கத்துக்குப் பதில் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இல்லை என்று தலையாட்டியதும் ஒரு மரத்தடிக் கடையில் வண்டியை நிறுத்திவிட்டார். வாழையிலைப் பொட்டலம். பிரித்தால் தேங்காய்ப்பால் சோறு, காரச் சம்பல், பொரித்த நெத்திலி, பாதி முட்டை. அவரோடு சம்பந்தம் பேசும் உத்தேசம் எனக்கு இல்லாததால் தாராளமாகக் கை நனைத்தேன். நாக்கு எரிய எரிய, ஆகா, இந்த நாட்டை நான் ஜெயித்துவிடுவேன் என்று தோன்றிற்று.

ஈப்போவுக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள், முன்னறிவிப்பில்லாமல் தரையிலிருந்து எழும்பி நின்றன. யாரோ நம் மலைக்கோட்டையைக் கை நிறைய அள்ளி ஊரெங்கும் தூவிவிட்டதைப்போல. ஒரே ஒரு பாறையை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு பேசியிருக்கிறோம் என்று முதல் கூச்சம் அங்கே வந்தது.

பாக்கியம் அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். பக்கத்தில் லீவில் வந்திருந்த தினேஷ், உயரம், கண்ணாடி, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி. உள்ளே மேஜையில் மத்தியானத்துக்குச் சமைத்தவை மூடி வைத்தபடி இருந்தன.

“வாங்க தம்பி. பசியாறலாம், வாங்க.”

பசியாறுங்கள் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டதும் என் வயிறு ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது. சாப்பாட்டுக்கு இதைவிட அழகாக அழைப்பு இருக்க முடியாது.

“வழியிலேயே சாப்பிட்டுட்டேம்மா” என்றேன். உண்மைதான். கடவுள் எனக்குக் கொடுத்த கடைசி உண்மை அது.

காபி கொடுத்தார், குடித்தேன். பிஸ்கட் நீட்டினார். கண்ணாடி போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தேன். மாவு, சர்க்கரை, எண்ணெய், உப்பு. திரும்ப வைத்துவிட்டேன்.

“சக்கரை நோயா தம்பி?” என்றார் பரிவோடு.

“லேசா” என்றேன்.

அவர்கள் வீட்டில் தங்கச் சொன்னார்கள். கடைவீதியில் ஒரு லாட்ஜில் அறை போட்டிருப்பதாகச் சொல்லித் தப்பித்தேன். இரவு முழுக்க அந்த மூடிய பாத்திரங்கள் கனவில் வரிசையாக வந்தன.

மறுநாள் காலை தினேஷ் வந்து அழைத்துப் போனான். வீட்டுக்குள் நுழையும்போதே தோசை மணம்.

“பசியாறுங்க தம்பி.”

“இன்னைக்கு விரதம்மா.”

“புதன்கிழமையில என்ன விரதம்?”

“ஸ்ரீரங்கத்துல இருக்கு” என்றேன். இரு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிற ஊரின் மேல் எந்தப் பொய்யையும் சுமத்தலாம்; கேட்க ஆளில்லை.

தினேஷ் புருவத்தைத் தூக்கினான். “யாழினி சொன்னதே இல்லையே லா.” அந்த நாட்டுப் பேச்சில் எல்லா வாக்கியத்துக்கும் ‘லா’ ஒரு வால்.

“அவ திருவெறும்பூர். அந்தப் பக்கம் கிடையாது.”

பாக்கியம் அம்மாள் பேசாமல் அடுப்பை அணைத்தார். “ஸ்ரீரங்கத்து விரதம்னா நானும் இருந்துடுறேன். புண்ணியம்தானே” என்றார். அன்று முழுவதும் அந்த அம்மாளும் எதுவும் சாப்பிடவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து, இல்லாத ஒரு விரதத்தை நாங்கள் இருவரும் பக்தியோடு அனுஷ்டித்தோம். அவர் தன் பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுத்த கதையைச் சொன்னார். கணவர் போன பிறகு இடியப்பம் பிழிந்து விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்ததைச் சொன்னார். தன்னிரக்கம் ஒரு சொட்டு இல்லாத பேச்சு. நடு நடுவே என் வயிறுதான் குறுக்கே பேசியது.

அக்கா சொன்னபடி விசாரணையும் செய்தேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தக் குடும்பம் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் சொன்னதன் தமிழ் இது: “நல்ல குடும்பம். அந்த வீட்டில் எப்போது பார்த்தாலும் யாராவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இப்போது இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறாராம், எதையும் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். பாவம், அவருக்கு என்ன வியாதி?”

தெரியவில்லை என்றேன். அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

*

பிடிபட்டது அதற்கடுத்த காலை. லாட்ஜுக்குக் கீழேயே ஒரு பழைய சீனக் காபிக்கடை. பளிங்கு மேஜைகள், தலைக்கு மேல் சோம்பேறி மின்விசிறி. குகைக் கோயிலுக்குப் போகலாம், பத்து மணிக்கு வருகிறோம் என்று தினேஷ் சொல்லியிருந்தான். அதற்குள் ஒரு கை பார்த்துவிடலாமென்று உட்கார்ந்தேன். அரைவேக்காட்டு முட்டை, தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, ஒரு தட்டு நூடுல்ஸ். பட்டினி கிடந்தவனுக்கு வெட்கம் கிடையாது. ரொட்டியை நான்காய் மடித்து வாய்க்குள் அனுப்பிய நேரத்தில் எதிரே இரண்டு பேர் வந்து நின்றார்கள். தினேஷ். அவனுக்கு முன்னால், பட்டுச்சேலையில், பாக்கியம் அம்மாள்.

சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

அவர் கோபப்படவில்லை. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முட்டையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்தார்.

“முழுங்கிட்டுப் பேசுங்க தம்பி.”

விழுங்கினேன்.

“கடைச்சோறு இறங்குது. எங்க வீட்டுச் சோறுதான் இறங்கல” என்றார். “பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. இவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். உங்க அக்கா மகளை நான் பாத்திருக்கேன், தங்கமான புள்ளை. வேண்டாம்ங்கிறதை இப்படி வயித்தைக் காயப் போட்டுத்தான் சொல்லணும்னு இல்லை.”

தினேஷ் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கன்னக் குழி அழிந்து போயிருந்தது. திருவெறும்பூரில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் படிக்காமல் உட்கார்ந்திருப்பவளின் முகம் எனக்குத் தெரிந்தது. ஒரு ரொட்டித் துண்டால் ஒரு கல்யாணத்தை உடைத்துவிட்டேன்.

“பிடிக்காம இல்லம்மா” என்றேன். “எங்க பக்கத்துல ஒரு முறை இருக்கு. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. சம்பந்தம் முடிவாகாம அந்த வீட்டுல கை நனைக்கக் கூடாது. அக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பிச்சா. விரதம், சர்க்கரை எல்லாம் பொய்.”

பாக்கியம் அம்மாள் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் உங்க அக்கா வீட்டுல வடையைத் தொடாம வந்தேனே. எதுக்குன்னு நெனச்சீங்க?”

“எங்க ஊர்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காதுன்னு…”

“தண்ணியா? தம்பி, நான் அங்க குடிச்சதே அது ஒண்ணுதான். ஒரு சொம்பு.”

ஆமாம். சொம்பு. அக்கா கையால் நீட்டிய சொம்பு. திருவெறும்பூர்க் குழாய்த் தண்ணீர், காய்ச்சாதது, வடிகட்டாதது. அதை அவர் கடகடவென்று குடித்ததை நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். பார்த்துவிட்டு, தண்ணீருக்குப் பயந்தவள் என்று தீர்ப்பு எழுதினோம். அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்து, அதே முறையை அவருக்கே நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருக்க வாய்ப்பில்லையாம்.

“எங்க தாத்தா கப்பல் ஏறி வந்தப்ப அதிகமா ஒண்ணும் கொண்டாரல” என்றார் அவர். “கொண்டாந்ததுல இந்த முறை ஒண்ணு. எங்க அம்மா சாகுற வரைக்கும் சொல்லுவாங்க, பேச்சு முடியாத வீட்டுல உப்பைத் தொடாதேன்னு. ஊர்க்காரங்க நீங்க இதையெல்லாம் எப்பவோ விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். உங்க அக்காவைப் பார்த்தா மாடர்னா இருந்தாங்க.”

அக்காவை மாடர்ன் என்று சொன்ன ஒரே ஆள் உலகத்தில் இவர்தான்.

“ஆனா ஒண்ணு” என்று என் பக்கம் குனிந்தார். “அந்த வடை மணம் இருக்கு பாருங்க. அது ஈப்போ வரைக்கும் என் கூடவே வந்துச்சு தம்பி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. காபிக்கடைச் சீனக் கிழவர் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். நம்முடைய மடமை நம்மூரில் கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லோரும் அதையே உடுத்திக்கொண்டு நடமாடுவதால். அதற்கு விமானம் ஏறி, வேறோர் ஊர்க் காபிக்கடையில், வாய் நிறைய ரொட்டியோடு உட்கார வேண்டியிருக்கிறது.

“சரி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம் வாங்க” என்றான் தினேஷ்.

“அது எப்படி முடியும்?” என்றார் அவன் அம்மா. “பொண்ணு வீட்டுலதான் மொதல்ல கை நனைக்கணும். நான் அங்க போய்ச் சாப்பிட்ட பிறகுதான் இவர் இங்க சாப்பிடலாம்.”

“நீங்க அங்க சாப்பிடணும்னா அக்கா சரின்னு சொல்லணும்” என்றேன் நான். “அக்கா சரின்னு சொல்லணும்னா நீங்க அங்க சாப்பிட்டிருக்கணும்.”

தினேஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். “ரெண்டு பேரும் பட்டினி கிடந்தே என் கல்யாணத்தை நிறுத்திடுவீங்க லா.”

அந்தக் கணத்தில்தான் எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. கல்யாணப் பந்தலில் தாய்மாமன் என்றால் மாலையை எடுத்துக் கொடுப்பவன், சீர் வரிசையோடு முன்னால் நடப்பவன், நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்து வாசிப்பவன். அந்த உரிமை எல்லாம் பந்தலுக்கு மட்டும்தானா?

“வீட்டுக்குப் போகலாம்” என்றேன். “இலை போடுங்க.”

போனோம். போட்டார். முதலில் ஒரு கரண்டிப் பாயசம். பிறகு ஆவி பறக்கும் சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், உருளைக்கிழங்குப் பெரட்டல், பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய ஏதோ ஒரு நீர்க்கீரை, அப்பளம். என் கை இலைக்கு மேல் ஒரு நொடி நின்றது. அக்காவின் வாசற்படி கண்ணில் வந்தது. பிறகு இறங்கிற்று. சாம்பார் விரல்களைத் தொட்டு, உள்ளங்கைக் கோடுகளில் வாய்க்கால் தண்ணீர்போல ஓடி, மணிக்கட்டு வரை வந்தது. நான் துடைக்கவில்லை. எதிரே தினேஷ் நின்றுகொண்டே இருந்தான். “உக்காருங்க மாப்பிள்ளை” என்றேன். அக்கா சொல்லுமுன்னே அந்தச் சொல்லை நான் திருடிவிட்டேன்.

“சம்பந்தி, இன்னும் கொஞ்சம்” என்று பாக்கியம் அம்மாள் சோற்றைத் தள்ளினார். போதும் என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை.

“யாழினிகிட்ட இப்ப சொல்லாதீங்க. எங்க அக்காகிட்ட நான் நேர்ல சொல்லணும்” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

*

திருச்சியில் இறங்கியதும் வெயில் பழைய உறவுக்காரர்போல வந்து கட்டிக்கொண்டது. அக்காவும் யாழினியும் வாடகைக் காரோடு வந்திருந்தார்கள். அக்கா என் முகத்தை ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“நனைச்சுட்ட.”

“நனைச்சுட்டேன்க்கா.”

“யாரைக் கேட்டு?”

“தாய்மாமன்ங்கிற முறையில…”

“பெரிய முறை. ஏறு வண்டியில.”

யாழினி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை ஸ்ரீரங்கத்தில் விடுவதற்காகக் கார் கிளம்பியது. மன்னார்புரம் தாண்டியது. பிறகு நான் சொன்னேன். புதன்கிழமை விரதத்தில் அந்த அம்மாளும் பட்டினி கிடந்ததைச் சொன்னேன். வாய் நிறைய ரொட்டியோடு பிடிபட்டதைச் சொன்னேன். கப்பலில் வந்த முறையைச் சொன்னேன். பாலக்கரையில் ஒரு டவுன் பஸ் குறுக்கே நின்றபோது, வடை மணத்தைப் பற்றியும் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் போயிற்று. கார் காவிரிப் பாலத்தில் ஏறியது.

“சொம்பை முழுசாக் குடிச்சா, இல்ல?” என்றாள் அக்கா, ஆற்றைப் பார்த்துக்கொண்டே.

“ஆமாக்கா. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல.”

“எனக்கு ஏன் தோணாமப் போச்சு?”

“எனக்கும்தான் தோணல.”

ஆறு இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது. அக்கரையில் கோபுரம் தென்னைகளுக்கு மேல் எழும்பிற்று.

“ஈப்போ வரைக்குமா வந்துச்சாம்?”

“அப்படித்தான் சொன்னாங்க.”

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “சாம்பார்ல உப்பு எப்படி?”

“கொஞ்சம் கம்மி.”

“ம்” என்றாள் திருப்தியாக. பாலத்தின் பாதி தாண்டியிருக்கும். ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோல, வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

“மாப்பிள்ளை சாப்பிட்டாரா?”

முன் சீட்டில் யாழினி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியை முழுவதுமாக இறக்கினாள். காவிரிக் காற்று மொத்தமும் காருக்குள் வந்தது.